மிதக்கும் மொழிபெயர்ப்பு

மொழிபெயர்ப்பைப் பற்றி நாம் பேச உட்காரும்போதெல்லாம் பேச்சு கவிதையில்தான் போய் முடிகிறது. எது தப்பிப் போகிறது, எது மிஞ்சுகிறது, மூலத்துக்கு விசுவாசம் முக்கியமா, வந்து சேரும் மொழிக்கு விசுவாசம் முக்கியமா என்ற பழைய கேள்விகளைக் கவிதையை முன்வைத்தே கேட்டுப் பழகிவிட்டோம். இதனால் ஒரு சௌகரியம் உண்டு. கவிதை மொழிபெயர்ப்பில் தவறு நேர்ந்தால் யாருக்கும் எதுவும் ஆகிவிடுவதில்லை. அடுத்த இதழில் ஒருவர் கடிதம் எழுதுவார். மொழிபெயர்ப்பின் தார்மிகப் பிரச்சினையை, பாதிப்பே இல்லாத ஒரு இடத்தில் வைத்துக்கொண்டு நாம் தீவிரமாக விவாதித்து வந்திருக்கிறோம்.

இதை யோசிக்க வைத்தவர் எங்கள் வட்டத்து நண்பர் ஒருவர். ஒரு கவிதையை எட்டு மாதம் கையில் வைத்துக்கொண்டு, ஒரு வினையடைக்காக மூன்று கைப்பிரதிகள் செய்தவர். பிழைப்புக்காகப் புரோகிராம் எழுதுகிறார். ஜப்பானிய நிறுவனம் ஒன்றின் பழைய புரோகிராம்களைப் புதிய மொழியில் மாற்றி எழுதும் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். எடிட்டர் திரையில் வரிகளுக்கு இடையே ஜப்பானிய எழுத்தில் குறிப்புகள். அவருக்கு ஜப்பானிய மொழி தெரியாது. மௌஸைக் குறிப்பின்மேல் கொண்டுபோய் நிறுத்துகிறார். சின்னதாக ஒரு பெட்டி மிதந்து எழும்புகிறது. அதற்குள் இங்கிலீஷ் வாக்கியம். மௌஸை நகர்த்தினால் பெட்டி மறைந்துவிடுகிறது. அரை மணி நேரத்தில் நாற்பது ஐம்பது பெட்டிகள் எழும்பி மறைந்திருக்கும். ஒரு வினையடைக்கு மூன்று கைப்பிரதி செய்த மனிதர் ஒன்றின்மேலும் இரண்டு விநாடிக்கு மேல் நிற்கவில்லை.

அவரைக் குறை சொல்ல இதைக் குறிப்பிடவில்லை. ஒரே மனிதருக்குள் சிரத்தை இப்படி இரண்டாகப் பிளந்து கிடப்பதற்கு என்ன அர்த்தம் என்பதுதான் என் கேள்வி.

2

புரோகிராமுக்கு இரண்டு வாசகர்கள் உண்டு. ஒன்று யந்திரம், மற்றது நாளைக்கு அதைத் திருத்த வரப்போகும் மனிதன். கமெண்ட் என்று சொல்லப்படும் குறிப்புகள் இரண்டாவது வாசகனுக்கு மட்டும் உரியவை. இரண்டு சாய்கோடுகளையோ அதுபோன்ற வேறு அடையாளத்தையோ கண்டதும் யந்திரம் அந்த வரியைத் தாண்டிப் போய்விடும். அங்கே என்ன எழுதியிருந்தாலும் அதற்கு அக்கறையில்லை.

இதிலிருந்து ஒரு விசித்திரமான விளைவு பிறக்கிறது. யந்திரம் வாசிக்கும் வரிகளில் தவறு இருக்கலாம்; பொய் இருக்க முடியாது. கூட்டச் சொன்னால் கூட்டும், கழிக்கச் சொன்னால் கழிக்கும். சொன்னதற்கும் செய்வதற்கும் நடுவே இடைவெளி கிடையாது. பொய் சொல்வதற்கு இடம் இருப்பது குறிப்பில் மட்டுமே. ‘இது வட்டியைக் கணக்கிடுகிறது’ என்று மேலே எழுதிவிட்டுக் கீழே வேறெதையாவது கணக்கிட்டால் யந்திரம் ஆட்சேபிக்காது. ஆக, புரோகிராமில் மனித பாஷை என்று சொல்லத்தக்கது குறிப்புதான். உத்தேசம், தயக்கம், எச்சரிக்கை, மன்னிப்பு எல்லாம் அங்கேதான் வந்து சேர்கின்றன. மிதக்கும் பெட்டி மொழிபெயர்ப்பதும் இந்தப் பகுதியைத்தான்.

மற்ற பகுதியை மொழிபெயர்ப்பது சுலபம். எக்ஸெல் கணக்குத்தாளில் கூட்டல் செய்ய நாம் எழுதும் ‘சம்’ ஜெர்மன் பதிப்பில் ‘ஸும்ம’ என்று இருக்கும்; பிரெஞ்சில் ‘சோம்’. பெர்லினில் செய்த தாளைச் சென்னையில் திறந்தால் சொல் தானாக மாறிக்கொள்ளும், தொகை மாறாது. மிச்சமே இல்லாத மொழிபெயர்ப்பு. ஏன் சாத்தியமாகிறது? அங்கே சொல் வெறும் முகப்புச்சீட்டு. சீட்டை மாற்றி ஒட்டலாம், பண்டம் அதேதான். குறிப்பு அப்படியல்ல. அது ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது. சொன்னதை மொழிபெயர்ப்பவர் சொன்னவரின் இடத்தில் கொஞ்ச நேரமாவது நின்றாக வேண்டும்.

3

குறிப்புகளின் மொழிபெயர்ப்பு பெரிய அளவில் நடந்த ஒரு சந்தர்ப்பம் உண்டு. 1985-ல் ஜெர்மனியின் லூனபர்க் நகரில் மார்கோ பியொரிஸ் என்ற பள்ளி வயதுப் பையன் தொடங்கிய ஸ்டார்டிவிஷன் நிறுவனம் ஸ்டார் ஆபீஸ் என்ற மென்பொருளைச் செய்தது. அதை எழுதியவர்கள் தங்களுக்குள் ஜெர்மனில் பேசியவர்கள். குறிப்புகளையும் ஜெர்மனில் எழுதினார்கள். உலகம் அதைப் படிக்கப்போகிறது என்று நினைக்க அவர்களுக்குக் காரணம் இல்லை. 1999-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அந்த நிறுவனத்தை வாங்கியது. 2000-ல் மூல வரிகளை எல்லோருக்கும் திறந்துவிட்டது. 2010-ல் சன் ஆரக்கிளின் கைக்குப் போனபின், தொண்டர்கள் பிரிந்து வந்து லிப்ரே ஆபீஸ் என்று தொடர்ந்தார்கள். அப்போதும் உள்ளே ஜெர்மன் குறிப்புகள் குவிந்து கிடந்தன.

அவற்றை இங்கிலீஷுக்குக் கொண்டுவரும் வேலை ஆண்டுக்கணக்கில் நடந்தது. எந்தக் குறிப்பு ஜெர்மன் என்று ஊகித்துப் பொறுக்கித் தர ஒரு சின்னப் புரோகிராமே எழுதி வைத்திருந்தார்கள். மொழிபெயர்த்தவர்கள் மனிதர்கள். புதிதாக வருகிறவர் கைபழகுவதற்குத் தோதான வேலை என்று அது கருதப்பட்டது. அலங்காரமில்லாத உழைப்பு, பரிசும் கிடையாது, மதிப்புரையும் கிடையாது. ஆனால் ஒவ்வொரு மாற்றமும் யார் செய்தது, என்றைக்குச் செய்தது என்ற பதிவோடு இருக்கிறது. பழைய ஜெர்மன் வரியும் சரித்திரத்தில் அழியாமல் இருக்கிறது. இன்று ஒருவருக்கு ஒரு இங்கிலீஷ் குறிப்பின்மேல் சந்தேகம் வந்தால், அதன் அடியில் இருந்த ஜெர்மனைத் தோண்டி எடுத்து, மொழிபெயர்த்தவரின் பெயரையும் பார்த்துவிட முடியும்.

எங்கள் தொழிலில் இது பழக்கமான சங்கதி. வவுச்சரில் எண்ணை அடித்துத் திருத்தினால் பக்கத்தில் கையெழுத்து வேண்டும். ஒருவர் பதிந்ததை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். இவற்றை மனித அவநம்பிக்கையின் சின்னங்களாகத்தான் வெகுநாள் எண்ணிக்கொண்டிருந்தேன். மரியாதையின் சின்னங்களாகவும் பார்க்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. பின்னால் வருகிறவனுக்குக் கேள்வி கேட்க உரிமை உண்டு என்பதை அவை முன்கூட்டியே ஒப்புக்கொள்கின்றன.

மிதக்கும் பெட்டியில் இந்த ஒப்புதல் இல்லை. அது திருத்துவதில்லை, எழுதி வைப்பதில்லை, ஒரு விநாடி சொல்லிவிட்டுப் போய்விடுகிறது. அதனால் எந்தக் கெடுதலும் இல்லை என்றுகூடத் தோன்றும்.

4

நண்பருக்கு நேர்ந்தது இது. ஏதோ ஒரு சலுகை, 65 வயதுக்காரர்களுக்கு. பழைய புரோகிராமில் நிபந்தனை எங்கோ ஒரு அட்டவணைக்குள் புதைந்திருந்தது. அவர் பார்த்தது மேலே இருந்த ஜப்பானியக் குறிப்பை மட்டும். பெட்டி எழும்பியது. அவர் படித்தார். ‘65-க்கு மேல்’ என்று புரிந்துகொண்டு எழுதினார். தான் எழுதியதைச் சோதிக்கும் வரிகளையும் அதே புரிதலோடு எழுதினார். சோதனைகள் எல்லாம் தேறின. பதிந்தவரும் சரிபார்த்தவரும் ஒரே ஆள் என்றால் எங்கள் கௌண்டரிலும் எல்லாம் தேறிவிடும். ஜப்பானில் ஒருவர் முன்மாதிரிக் கணக்குகளை ஓட்டிப் பார்த்தபோது, சரியாக 65 வயதான ஒரு கற்பனைக் கிழவர் சலுகைக்கு வெளியே நின்றார்.

குறிப்பில் இருந்த சொல் ‘இஜோ’. 65 இஜோ என்றால் 65-ம் அதற்கு மேலும். எல்லை எண்ணும் உள்ளே அடக்கம். ‘இகா’ என்றால் அந்த எண்ணும் அதற்குக் கீழும். எல்லை எண்ணை வெளியே நிறுத்த வேண்டுமானால் ‘மிமான்’ என்ற வேறு சொல் இருக்கிறது. இந்த விஷயத்தில் ஜப்பானிய மொழி கறாரானது. நம்முடையது அவ்வளவு கறாரில்லை. ‘65 வயதுக்கு மேல்’ என்று சொல்லும்போது 65 உள்ளேயா வெளியேயா? பேச்சில் சந்தர்ப்பம் பார்த்து முடிவு செய்துகொள்கிறோம். சந்தேகம் வரக் கூடாது என்றால் ‘65 வயது நிறைந்தவர்கள்’ என்று எழுதுகிறோம். இங்கிலீஷிலும் இரண்டு விதமாகவும் சொல்லலாம். அவசரத்தில் இரண்டும் ஒன்றுபோலவே காதில் விழும்.

இங்கே யார் தவறு செய்தார்கள்? நண்பரிடம் கேட்டேன். பெட்டி தப்பாகச் சொல்லியிருக்கலாம் என்றார். பெட்டி சரியாகவே சொல்லி, அவருக்குள் அது தமிழாகும்போது ‘மேல்’ என்று குறுகியிருக்கலாம் என்றும் அவரே சொன்னார். மறுபடி மௌஸை அதே இடத்தில் வைத்துப் பார்த்தாராம். பெட்டி சரியான வாக்கியத்தைக் காட்டியதாம். முதல் முறையும் அதே வாக்கியத்தைத்தான் காட்டியதா என்று அறிய வழியில்லை. இந்தக் கருவிகள் ஒரே வரிக்கு ஒவ்வொரு தடவை ஒவ்வொரு விதமாகச் சொல்லக் கூடியவை.

எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. தவறு நேர்ந்தது பெரிதில்லை. மொழிபெயர்ப்பு என்று ஒன்று இருக்கும்வரை தவறு இருக்கும். தவறு எங்கே நேர்ந்தது என்று தேடிப்போக ஒரு இடம் இல்லை. லூனபர்க் ஜெர்மனைத் தப்பாக மொழிபெயர்த்தவர் ஒரு வாக்கியத்தை விட்டுச் சென்றிருக்கிறார். நண்பர் விட்டுச் சென்றது ஒரு சமக்குறி இல்லாமையை மட்டும்.

5

ஆட்சேபங்களைக் கவனிக்க வேண்டும். அகராதியும் கையெழுத்துப் போட்டா அர்த்தம் சொல்கிறது என்று கேட்கலாம். அகராதி ஒரு சொல்லுக்கு நாலு அர்த்தம் தருகிறது. நாலில் ஒன்றை நாமே எடுத்தாக வேண்டும். எடுத்த மாத்திரத்தில் அது நம் தேர்வாகிவிடுகிறது. பெட்டி முடிந்துபோன வாக்கியத்தைத் தருகிறது. தேர்வு அங்கேயும் நடந்திருக்கிறது. நம் கண்ணில் படவில்லை. ‘இஜோ’ ஒரு கடிதத்தின் முடிவில் தனியே நின்றால் ‘இத்துடன் முடிந்தது’ என்று பொருள். அகராதியைப் புரட்டியவன் இதையும் பார்த்துவிட்டு, இந்தச் சொல் லேசான ஆசாமி இல்லை என்ற எண்ணத்தோடு திரும்புவான். பெட்டியைப் பார்த்தவனுக்கு அப்படி ஒரு சொல் அங்கே இருந்ததுகூடத் தெரியாது.

இரண்டாவது ஆட்சேபம் பலமானது. இந்தக் கருவி இல்லாவிட்டால் நண்பர் அந்த வேலையையே செய்திருக்க முடியாது. ஜப்பானிய மொழி தெரிந்த யாரோ சிலருக்கு மட்டும் அது உரியதாக இருந்திருக்கும். இங்கிலீஷ் பி.ஏ. படித்துவிட்டு வந்த நான், பாஷை தெரியாதவனுக்குக் கிடைத்த ஊன்றுகோலை விமரிசிப்பதில் ஒரு அசிங்கம் இருக்கிறது. புரோகிராம் உலகத்தின் வாசலிலேயே இங்கிலீஷ் உட்கார்ந்திருக்கிறது. 1995-ல் யுகிஹிரோ மட்ஸுமோட்டோ வெளியிட்ட ரூபி மொழியைப் பற்றிய பேச்சும் எழுத்தும் ஆரம்ப வருஷங்களில் பெரும்பாலும் ஜப்பானிய மொழியிலேயே நடந்தன. இருந்தும் அந்த மொழியின் ஆணைச்சொற்கள் இங்கிலீஷ்தான். அந்த வாசலைத் தாண்ட ஒரு கருவி உதவுகிறது என்றால் அதை வேண்டாம் என்று சொல்ல நான் யார்?

ஒப்புக்கொள்கிறேன். கருவி வேண்டாம் என்பது என் கட்சி இல்லை. ஆனால் ஊன்றுகோலைப் பிடித்து நடப்பவனுக்கு நடப்பது தான்தான் என்ற ஞாபகம் இருக்கும். பெட்டியைப் படிப்பவனுக்கு மொழிபெயர்ப்பது தான்தான் என்ற ஞாபகம் வருவதில்லை. தான் படிப்பதாக மட்டுமே நினைக்கிறான். கவிதையின் முன் உட்காரும்போது நண்பர் தம்மை மொழிபெயர்ப்பாளர் என்று அறிந்திருக்கிறார். எடிட்டர் முன் அறிந்திருக்கவில்லை. சிரத்தை பிளந்தது இங்கேதான்.

6

இவ்வளவு சொன்னபின் மனித மொழிபெயர்ப்பாளன்தான் பொறுப்புள்ளவன் என்று முடித்துவிடலாம். கையெழுத்துப் போடுகிறவன், முகம் உள்ளவன், தேடிப்போய்க் கேட்கக் கூடியவன். என்னால் அப்படி முடிக்க முடியவில்லை.

வங்கியில் கடன் பத்திரங்கள் இங்கிலீஷில் இருக்கும். இங்கிலீஷ் தெரியாதவர் கையெழுத்திடும்போது, ‘இதன் விவரம் இவருக்குத் தமிழில் படித்துக் காட்டி விளக்கப்பட்டது, இவர் புரிந்துகொண்டார்’ என்று கீழே ஒரு வாசகம் எழுதி ஊழியர் கையெழுத்திட வேண்டும். இப்படி எத்தனையோ கையெழுத்துகள் போட்டிருக்கிறேன். ஒவ்வொன்றும் மொழிபெயர்ப்பு என்ற எண்ணம் எனக்கு இருந்ததில்லை.

வேலையில் சேர்ந்த முதல் வருஷம், 2014. ஒரு அம்மாள் அண்ணன் மகன் வாங்கும் கடனுக்கு ஜாமீனாக வந்திருந்தார். கௌண்டரில் கூட்டம். எந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று பெருக்கல் குறி போட்டுக் காட்டினேன். “இது எதுக்கு தம்பி?” என்று கேட்டார். “சாட்சிக் கையெழுத்து மாதிரிதாம்மா” என்றேன்.

‘மாதிரி’. தமிழில் இதைவிடச் சௌகரியமான சொல் கிடையாது. ஜாமீன்தாரின் பொறுப்பு கடன்காரரின் பொறுப்புக்கு முழுக்கச் சமம் என்கிறது 1872-ஆம் வருஷ ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவு. சாட்சிக்கு அப்படி ஒரு பொறுப்பும் இல்லை. இரண்டுக்கும் நடுவே உள்ள பள்ளத்தை நான் ‘மாதிரி’ போட்டு மூடினேன். பிறகு, விளக்கப்பட்டது என்று கையெழுத்தும் போட்டேன்.

மூன்று வருஷம் கழித்து நோட்டீஸோடு வந்தார். சத்தம் போடவில்லை. வரிசையில் நின்று, முறை வந்ததும் காகிதத்தை நீட்டி, “நீங்கதானே தம்பி சாட்சி மாதிரின்னு சொன்னீங்க?” என்றார்.

நான் இருந்தேன். தேடி வந்து கேட்க ஒரு ஆள் இருந்தேன். மேலே நான் வற்புறுத்திய நிபந்தனைகள் எல்லாம் பூர்த்தியாகியிருந்தன: மூலம் கோப்பில் இருந்தது, கையெழுத்து இருந்தது, தேதி இருந்தது, முகம் இருந்தது. நான் சொன்ன பதில்: “பாரத்துல எல்லாம் எழுதியிருக்கேம்மா.”

கடன் கொடுப்பவர் தரப்பு முக்கியமான விஷயத்தைத் திரித்துச் சொல்லிப் பெற்ற ஜாமீன் செல்லாது என்று அதே சட்டத்தின் 142-ஆம் பிரிவு சொல்கிறது. அன்றைக்கு அது எனக்குத் தெரியும். ‘ஆமாம், நான்தான் சொன்னேன்’ என்று எழுதிக் கொடுத்திருந்தால் அவருக்கு ஒரு வழி பிறந்திருக்கலாம். எனக்கு ஒரு வழி அடைபட்டிருக்கும். நான் பாரத்தைக் காட்டினேன். அவர் தவணையாகக் கட்டினார். மாதா மாதம் என் கௌண்டரிலேயே கட்டினார். வேறு கௌண்டருக்கு அவர் போகாதது ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

7

மனிதனுக்கும் கருவிக்கும் உள்ள வித்தியாசம் ஆள் இருப்பதில் இல்லை என்று அன்று தெரிந்திருக்க வேண்டும். கருவியால் பதில் சொல்ல முடியாது. என்னால் முடியும், சொல்லவில்லை. பொறுப்பு என்பது கையெழுத்தில் அடங்கியிருப்பதாக நினைப்பது குமாஸ்தாவின் மூடநம்பிக்கை. கையெழுத்து, கேள்விக்கு இடம் விடுகிறது, அவ்வளவுதான். கேள்வி வரும் நாளில் அந்த இடத்தில் நிற்பது வேறு காரியம். நிற்காதபோது மனிதனும் ஒரு மிதக்கும் பெட்டிதான். ஆனாலும் இடமாவது இருந்ததால்தான் நான் ஓடிப்போனதை இன்று ஓட்டம் என்று சொல்ல முடிகிறது. பெட்டியிடம் அந்த வார்த்தையைப் பிரயோகிக்கவே முடியாது.

இந்தப் பிரச்சினை இன்று இன்னும் கூர்மையாகிவிட்டது. குறிப்பை யந்திரம் தாண்டிப் போகும் என்று மேலே எழுதினேன். 2021-க்குப் பிறகு கோபைலட் போன்ற கருவிகள் எடிட்டருக்குள்ளேயே வந்துவிட்டன. அவை குறிப்பைப் படித்து அதன்படி புரோகிராமை எழுதித் தருகின்றன. யந்திரம் கேட்காத ஒரே இடமாக இருந்தது இப்போது யந்திரத்துக்கு ஆணையாகிவிட்டது. தப்பாக மொழிபெயர்க்கப்பட்ட ஒரு குறிப்பு முன்பு வாசகனைக் குழப்பும். இன்று அது நேராக வரியாகி ஓடத் தொடங்கும். உத்தேசமும் தயக்கமும் மன்னிப்பும் இருந்த இடத்தில் இனி ‘மாதிரி’ என்று ஒரு சொல் விழுந்தால், அதற்கும் ஏதோ ஒரு திட்டவட்டமான அர்த்தம் கொடுக்கப்பட்டுவிடும். யார் கொடுத்தது என்று தெரியாது.

நண்பர் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். பெட்டியைப் பார்த்தபின், ஜப்பானியக் குறிப்பை அழிக்காமல், அதன் கீழே தாம் புரிந்துகொண்டதைத் தம் வாக்கியத்தில் எழுதுகிறார். பெயரின் முதலெழுத்தைப் போடுகிறார். எண்ணோ எல்லையோ வந்தால் அகராதியைத் திறக்கிறார். நிச்சயமில்லாத இடத்தில் நிச்சயமில்லை என்றே எழுதுகிறார். வேலை மெதுவாகப் போகிறதாம். மேலே இருப்பவர் ஒருமுறை கேட்டிருக்கிறார், இத்தனை குறிப்பு எதற்கு என்று.

எனக்கு அவர்மேல் கொஞ்சம் பொறாமைதான். அவருடைய கற்பனைக் கிழவர் ஒரு சமக்குறியைச் சேர்த்ததும் உள்ளே வந்துவிட்டார். அந்த அம்மாளின் கடைசித் தவணை 2021 மார்ச்சில் முடிந்தது. ரசீதை எழுதி, கையெழுத்துப் போட்டு, நான்தான் கொடுத்தேன்.